டிவி மங்கலாத் தெரியுதுன்னு சொன்ன எங்க அய்யா

தீபாவளிக்கு ரெண்டு நாள் முந்தி எங்க வீட்டுக்குப் புது டிவி வந்துச்சு. 55 இஞ்சு. வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் ரெண்டு கேள்வி கேக்குறாங்க. "என்ன வெல?" அப்புறம், "எதுக்குப்பா இம்புட்டுப் பெருசு?" முதல் கேள்விக்கு ஒரே வரியில பதில் சொல்லிரலாம். ரெண்டாவதுக்குப் பதில் சொல்லணும்னா ஆடி மாசத்துல இருந்து ஆரம்பிக்கணும். அதான் இவ்வளவு நீளமா எழுதுறேன். டிவி வாங்கப் போறவங்களுக்கு உபயோகமா சில கணக்கும் உள்ள இருக்கு, பொறுமையா படிங்க.

எங்க ஊரு ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல, மலையடிவாரத்தை ஒட்டி இருக்கு. கொஞ்சம் தென்னை, கொஞ்சம் மா, கண்மாயில தண்ணி கெடந்தா நெல்லு. அய்யாவுக்கு வயசு 76. அம்மா தவறி ஆறு வருசமாச்சு. அதுக்கப்புறம் அய்யாவுக்குத் துணைன்னா பகல்ல தோட்டம், ராத்திரி டிவி.

எங்க ஊருக்கு முதல்ல வந்தது பஞ்சாயத்து டிவி. நான் அப்ப பள்ளிக்கூடத்துல படிச்சுக்கிட்டிருந்தேன். சாவடிக்குப் பக்கத்துல ஒரு சின்ன ரூமு கட்டி, இரும்புக் கதவு போட்டு, அதுக்குள்ள பெட்டிய வச்சிருந்தாங்க. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் போடுற நேரத்துக்கு ஊரே தரையில உக்காந்திருக்கும். 1987, 88-ல ஞாயித்துக்கிழமை காலையில ராமாயணம் ஓடுச்சு. ஒருத்தருக்கும் இந்தி தெரியாது, ஆனா கதை தெரியும். அதனால யாரும் யார்கிட்டயும் அர்த்தம் கேக்கல. வயலும் வாழ்வும் போட்டா மட்டும் பொடியனுங்க எந்திரிச்சு ஓடிருவோம். அய்யா கடைசி வரைக்கும் உக்காந்து பார்த்துட்டு, மறுநாள் வரப்புல நின்னு அதுல சொன்னது எல்லாம் நம்ம மண்ணுக்குச் சரிப்படுமா சரிப்படாதான்னு பேசிக்கிட்டிருப்பாங்க. அந்த டிவி 20 இஞ்சு இருந்தா அதிகம். முப்பதடி தள்ளி வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டே அய்யா பார்ப்பாங்க. இத ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால வரும்.

2006 தேர்தல் முடிஞ்சு அரசாங்கம் இலவச கலர் டிவி குடுத்துச்சே, அந்த 14 இஞ்சுப் பெட்டி எங்க வீட்டுக்கும் வந்துச்சு. அது வந்த பிறகு பஞ்சாயத்து டிவி ரூமைத் திறக்க ஆளில்ல. கொஞ்ச நாள்ல அதுக்குள்ள சிமிண்டு மூட்டை அடுக்கிட்டாங்க. 2011-ல 70 ரூபாய்க்கு அரசு கேபிள் வந்தப்பவும் அதே 14 இஞ்சுதான் ஓடுச்சு. 2016-ல மாங்காய் நல்லா காய்ச்ச வருசம், 32 இஞ்சு எல்இடி ஒண்ணு வாங்கினோம். தட்டையா, இலேசா இருக்கறதப் பார்த்துட்டு, "என்னடா, இது டிவியா, காலண்டரா?"ன்னு அய்யா கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கு.

அந்த 32 இஞ்சு டிவி மேலதான் ரெண்டு வருசமா அய்யாவுக்குப் புகார். "படம் மங்கலாத் தெரியுதுய்யா. டிவி பழசாயிருச்சு." நான் வெளிச்சத்தைக் கூட்டி வச்சேன். "கண்ணு கூசுது"ன்னாங்க. கொறச்சு வச்சேன். "இருட்டா இருக்கு"ன்னாங்க. கேபிள்காரத் தம்பிய வரச்சொல்லி வயரை மாத்தினேன், பாக்ஸை மாத்தினேன். எல்லாரும் சட்டையை வெளுக்காமலே போட்டுக்கிட்டு வர்றான், ஒரே மஞ்சளா இருக்குன்னாங்க. எங்க கண்ணுக்கு நல்லாத்தான் தெரிஞ்சுது. வயசானவங்க எதையாவது சொல்லிக்கிட்டே இருப்பாங்கன்னு விட்டுட்டோம்.

போகப்போக அய்யா கட்டிலை விட்டுட்டு பிளாஸ்டிக் சேரை இழுத்துப்போட்டு டிவிக்கு மூணடியில உக்கார ஆரம்பிச்சாங்க. பின்னால இருக்கறவங்களுக்கு அவங்க தலைதான் தெரியும். "கிட்டப் போயி உக்காந்தா கண்ணு கெட்டுரும்னு எங்கள வெரட்டுவீங்கள்ல, இப்ப நீங்களே இப்படி உக்கார்றீங்களே"ன்னு நான் ஒருநாள் கொஞ்சம் கடுப்பாவே சொல்லிட்டேன். ஒண்ணும் பேசாம எந்திரிச்சுப் போயி கட்டில்ல படுத்துக்கிட்டாங்க. அத நெனச்சா இப்பவும் சங்கடமா இருக்கு.

காலேஜ்ல படிக்கிற மகன் இதுதான் சமயம்னு, "தாத்தாவுக்காக பெரிய டிவி வாங்குவோம்ப்பா, 65 இஞ்சு"ன்னு ஆரம்பிச்சான். மாங்காய் குத்தகைப் பணம் கையில இருந்துச்சு. ஆடித் தள்ளுபடி வேற போட்டிருந்தாங்க. ஆடிப்பூரத் தேர் முடிஞ்ச மறுவாரம் மூணு பேரும் ராஜபாளையம் கிளம்பினோம். அந்தத் தேருக்கு அய்யா இந்த வருசம் வரல. வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து ஆண்டாள் தேருக்குப் போகாம இருந்ததில்ல. "கூட்டமா இருக்கும், கால் வலிக்கும்"னுட்டாங்க. அதையும் வயசுன்னுதான் எடுத்துக்கிட்டோம்.

கடையில ஒரு சுவர் பூரா டிவி. 32, 43, 50, 55, 65, 75 எல்லாத்துலயும் ஒரே படம். கிளி, பழம், பனிமலை. விக்கிற பையன் எங்களப் பார்த்ததும் நேரா 65-கிட்ட கூட்டிட்டுப் போயிட்டான். 4கே, க்யூஎல்இடி, டால்பின்னு மூச்சு விடாம சொன்னான். மகன் தலையை ஆட்டிக்கிட்டே இருந்தான். நான் வெலை அட்டையை மட்டும் பார்த்துக்கிட்டிருந்தேன்.

அய்யா நடுவுல நின்னு ஒவ்வொண்ணா பார்த்துட்டு என் காதுகிட்ட வந்து மெதுவாக் கேட்டாங்க. "இதெல்லாம் பழைய டிவியா? பழச வித்துக்கிட்டிருக்கானா?"

எனக்கு ஒண்ணும் புரியல. "ஏன்யா?"ன்னேன்.

"நம்ம வீட்டுல தெரியுற மாதிரியேதான் தெரியுது. மங்கலா, மஞ்சளா. பெருசா இருக்கு, அம்புட்டுத்தான்."

அந்த விக்கிற பையனுக்கு இது கேட்டுருச்சு. சிரிக்கல. "தாத்தா, எடது கண்ண கையால மூடிக்கிட்டுப் பாருங்க"ன்னான். மூடினாங்க. "அந்த வெலை அட்டையில என்ன போட்டிருக்கு?" அய்யா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அட்டை எங்க இருக்கு?"ன்னாங்க. நாலடியில இருந்துச்சு அட்டை. கண்ணை மாத்தி மூடச்சொன்னான். இன்னொரு கண்ணுல அட்டை தெரிஞ்சுது, எழுத்து தெரியல. "எங்க தாத்தாவும் இப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு சார், பொறை. முதல்ல கண்ணக் காட்டுங்க. டிவி எங்க போயிரப்போகுது"ன்னான். ஒரு வியாபாரம் கைய விட்டுப் போறது தெரிஞ்சே சொன்னான். அவன் நல்லா இருக்கணும்.

பஸ்ஸுல வரும்போது ஒவ்வொண்ணா எனக்குப் புரிய ஆரம்பிச்சது. பன்னிக் காவலுக்கு ராத்திரி தோட்டத்துக்குப் போறத அய்யா ஏன் நிறுத்துனாங்க, தேங்காய் வெட்டுனா எண்ணிப் பிரிக்கிற வேலைய ஏன் என்கிட்ட விட்டாங்க, தேருக்கு ஏன் வரல, டிவியில கீழ ஓடுற எழுத்த பேரன்கிட்ட ஏன் வாசிக்கச் சொன்னாங்க. வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரி, "அரிசியில கல்லு பொறுக்க ஒக்காந்தா, 'நீயே பாத்துக்கம்மா'ன்னு மாமா எந்திரிச்சுப் போயிருவாக. சோம்பல்னு நெனச்சேன்"னா. ஆளாளுக்கு ஒண்ணு பார்த்திருக்கோம். யாரும் சேத்து வச்சுப் பார்க்கல.

மதுரை அரவிந்துக்குக் கூட்டிட்டுப் போனேன். 1976-ல டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையில இருந்து ஓய்வு பெற்ற பிறகு 11 படுக்கையோட ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அது. மூட்டுவாதத்துல விரலெல்லாம் கோணிப்போன மனுசன், அந்தக் கையை வச்சே ஆயிரக்கணக்குல ஆபரேசன் பண்ணவர். இப்ப அங்க பணம் கட்டிப் பார்க்கிறதும் உண்டு, இலவசமாப் பார்க்கிறதும் உண்டு. சர்க்கரை, பிரசர் எல்லாம் பார்த்துட்டு, ரெண்டு கண்ணுலயும் புரை, வலது கண்ணு நல்லா முத்தியிருக்குன்னாங்க. கண்ணுக்குள்ள இருக்குற லென்சு வயசானா கலங்கிப் பழுப்பேறிரும். கலங்குன தண்ணி வழியாப் பார்க்கிற மாதிரி. அதனால வெள்ளை மஞ்சளாத் தெரியும், நீலம் மங்கிரும், வெளிச்சம் பட்டா கூசும், எழுத்து கரையும். அய்யா ரெண்டு வருசமா டிவியப் பத்திச் சொன்ன புகாரை அந்தம்மா வரிசையாச் சொல்லிக்கிட்டே வந்தாங்க. அய்யா என்னத் திரும்பிப் பார்த்தாங்க. நான் தரையப் பார்த்துக்கிட்டேன்.

ஆவணியில முதல்ல வலது கண்ணு. கலங்குன லென்ச எடுத்துட்டு வேற லென்சு வைக்கிறதுதான் ஆபரேசன். மறுநாள் கட்டைப் பிரிச்சு, கருப்புக் கண்ணாடி போட்டு விட்டாங்க. தலைக்குத் தண்ணி ஊத்தக்கூடாது, குனிஞ்சு பாரம் தூக்கக்கூடாது, சொட்டு மருந்து தவறாம விடணும்னு சொல்லி அனுப்புனாங்க. வர்ற வழியில பஸ்ஸு வில்லிபுத்தூருக்குள்ள நுழைஞ்சதும் எப்பவும் போல கோபுரத்தப் பார்த்து அய்யா கும்பிட்டாங்க. கையை எறக்காம உதடு அசையுது. மந்திரம் சொல்றாங்கன்னு நெனச்சேன். நிலைய எண்ணிக்கிட்டிருந்திருக்காங்க. "பதினொண்ணு சரியாத்தான் இருக்கு"ன்னாங்க. 192 அடிக் கோபுரம். தமிழ்நாட்டு அரசு முத்திரையில இருக்குறது இந்தக் கோபுரம்தான்னு எங்க ஊருப்பக்கம் எல்லாருக்கும் பெருமை உண்டு. அது பக்கத்துல குடியிருந்துக்கிட்டே அத எத்தன வருசமா அய்யா சரியாப் பார்க்கலையோ.

அன்னைக்கு ராத்திரி கட்டில்ல இருந்தே அந்த 32 இஞ்சு டிவிய ஒரு நிமிசம் பார்த்துட்டு, "டிவிய எப்பய்யா ரிப்பேர் பாத்த?"ன்னு கேட்டாங்க.

அப்போ புது டிவி எதுக்குன்னு நீங்க கேக்கலாம். நானும் அதையேதான் நெனச்சேன். இருக்குற டிவியே போதும், மாங்காய்ப் பணத்துல மிச்சம் இருக்கறத வச்சு சொட்டுநீர்க் குழாயை மாத்திருவோம்னு முடிவுக்கே வந்துட்டேன். ஆனா ரெண்டாவது கண்ணும் ஆபரேசன் முடிஞ்சு சொட்டு மருந்து நாள் கழிஞ்சதும் அய்யாவே ஆரம்பிச்சாங்க. "அன்னைக்குக் கடையில பாத்தோமே, அந்தக் கிளி. அது நெசமாலுமே என்ன கலருய்யா?"

ரெண்டு வருசமா எதையும் கேக்காத மனுசன் கேட்டுட்டாரு. அதுக்கு மேல நான் கணக்குப் பார்க்கல. எவ்வளவு பெருசு வாங்குறதுங்கிறதுக்கு மட்டும் பார்த்தேன். அதச் சொல்றேன்.

இந்தத் தடவ கடைக்குப் போகறதுக்கு முந்தி வீட்டுல டேப்ப எடுத்தேன். அய்யா கட்டில்ல சாஞ்சா அவங்க கண்ணுல இருந்து டிவி வைக்கிற சுவர் வரைக்கும் ஒன்பதடி. அதாவது 108 இஞ்சு. டிவிக்குச் சொல்ற இஞ்சு அகலம் கிடையாது, மூலைக்கு மூலை இழுத்த அளவு. 55 இஞ்சுன்னா அகலம் நாலடி, உயரம் ரெண்டேகால் அடி. 65-னா அகலம் அஞ்சடிக்கு மூணு இஞ்சு கொறைவு. 32-க்கும் 55-க்கும் 23 இஞ்சுதானே வித்தியாசம்னு நெனைக்காதீங்க, பரப்பு கிட்டத்தட்ட மூணு மடங்கு.

அடுத்தது, வயர்ல என்ன வருதுன்னு பார்க்கணும். கடையில இத யாரும் எனக்குச் சொல்லல. சாதாரண கேபிள் பாக்ஸ்ல வர்ற படத்துல குறுக்க 720 புள்ளி, நெடுக்க 576 புள்ளி. மொத்தம் 4 லட்சத்துச் சொச்சம். 4கே டிவில இருக்குறது குறுக்க 3,840, நெடுக்க 2,160. கிட்டத்தட்ட 83 லட்சம். பெருக்கிப் பார்த்தா சரியா 20 மடங்கு. ஒரு ஏக்கருக்கான விதைய 20 ஏக்கர்ல தூவுன கதைதான். எடையில இருக்குற இடத்த டிவி தானா ஊகிச்சு ரொப்பும். அதனாலதான் கடையில கிளியோட இறகு ஒவ்வொண்ணும் தெரியுது, வீட்டுக்கு வந்து கேபிளச் சொருகுனா செய்தி வாசிக்கிறவங்க முகம் மெழுகு மாதிரி தெரியுது. டிவி மேல தப்பு இல்ல.

நாலு எடத்துல கேட்டு நான் போட்ட தோராயக் கணக்கு இது. உக்கார்ற தூரத்த இஞ்சுல அளந்துக்கோங்க. சாதாரண கேபிள்தான்னா அத மூணால வகுங்க. எச்டி பாக்ஸ்னா ரெண்டால. நெஜமான 4கே படம் மட்டும்தான் பார்ப்போம்னா ஒன்றரையால. எங்க வீட்டு 108 இஞ்சுக்கு முதல் கணக்குல 36, ரெண்டாவதுல 54, மூணாவதுல 72. ஒரே வீடு, ஒரே கட்டில், ஆனா மூணு பதில். கேபிள எச்டி பாக்ஸுக்கு மாத்திட்டு 55 வாங்குறதுன்னு முடிவாச்சு. மகனுக்கு 65 இல்லேன்னு வருத்தம்தான். தினம் ஒன்றரை ஜிபி போன் நெட்டு வச்சுக்கிட்டு 4கே பார்த்தா அரைமணி நேரம் கூடத் தாங்காதுன்னு அவனே கணக்குப் போட்டுப் பார்த்து ஒத்துக்கிட்டான்.

காத்திருந்ததுல இன்னொரு லாபம். 32 இஞ்சுக்கு மேல இருக்குற டிவிக்கு 28 சதவீதமா இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-ல இருந்து 18 ஆயிருச்சு. வரி இல்லாத வெலை 35,000 ரூபான்னு வச்சா, ஆடியில 44,800. ஐப்பசியில 41,300. இந்த 3,500 ரூபாய் வித்தியாசம் பின்னால கொத்தனாருக்கும் கல்லுக்கும் ஸ்டெபிலைசருக்கும் போச்சுன்னு வையுங்க. கடையில அதே பையன் இருந்தான். அய்யா அட்டைய நாலடியில நின்னு வாசிச்சுக் காட்டுனாங்க. அப்புறம் கிளிகிட்ட போயி நின்னுக்கிட்டாங்க. கூப்பிட்டாலும் வரல.

டிவி வீட்டுக்கு வந்த பிறகுதான் கூத்து. மாட்ட வந்த தம்பி சுவர்ல டிரில்லர வச்சான். வெண்ணெயில எறங்குற மாதிரி எறங்குச்சு, செம்மண்ணு பொலபொலன்னு கொட்டுது. எங்க தாத்தா காலத்துச் சுவர். நாட்டுச் செங்கல்லும் மண்ணும் வச்சுக் கட்டி மேல சுண்ணாம்புக் காரை பூசுனது. போல்ட்டு பிடிக்காது. ஆணி அடிச்சு போட்டோ மாட்டலாம், டிவி மாட்ட முடியாது. பழைய வீட்டுக்காரங்க டிவி வர்றதுக்கு முந்தியே சுவரத் தட்டிப் பாருங்க.

சரி, காலுல நிக்க வச்சுருவோம்னு பெட்டியில இருந்த காலை மாட்டுனோம். அந்த ரெண்டு காலும் டிவியோட ரெண்டு ஓரத்துல வருது. எடையில மூணரை அடி. எங்க மேசை நீளம் மூணடி. இதையும் யாரும் சொல்ல மாட்டாங்க. டிவி அகலத்த விட, கால் அகலத்தக் கேட்டுட்டு வாங்கணும். அன்னைக்கு ராத்திரி புது டிவி சாக்குல சாஞ்சு தரையில இருந்துச்சு.

மறுநாள் கொத்தனாரக் கூப்பிட்டு, செங்கல்ல ரெண்டு குட்டித் தூண் எழுப்பி, மேல நாலரை அடி கடப்பாக்கல்லு போட்டோம். எம்புட்டு உயரம்னு கொத்தனார் கேட்டாரு. எல்லாரும் சாமி படம் மாட்டுற உயரத்துல வைக்கச் சொன்னாங்க. நான் அய்யாவக் கட்டில்ல சாயச் சொல்லி, அவங்க கண்ணு மட்டத்துக்கு நூல் பிடிச்சேன். தரையில இருந்து மூணேகால் அடி. அந்த நூலு டிவியோட நடுவுல வரணும். டிவி உயரத்துல பாதியும் காலோட உயரமும் போக, கல்லு ரெண்டடிக்குக் கொஞ்சம் கீழ வந்துச்சு. பார்க்கத் தாழ்வா இருக்கும், ஆனா கழுத்து வலிக்காது. ஜன்னலுக்கு நேர் எதிர்த்த சுவர்ல வைக்காதீங்க, சாயங்கால வெயில் அப்படியே கண்ணாடியில அடிக்கும். நாங்க பக்கத்துச் சுவர்ல வச்சோம்.

கரண்டு விசயம் கிராமத்துல முக்கியம். எல்லாரும் ஒரே நேரத்துல மோட்டாரப் போட்டா, லைட்டு மினுங்குறதப் பார்த்திருப்பீங்க. ஸ்டெபிலைசர் ஒண்ணு போட்டுட்டேன். அதவிட முக்கியம் இடி. ஐப்பசி, கார்த்திகையில இடி இடிச்சா பிளக்கப் பிடுங்குனா மட்டும் பத்தாது, கேபிள் வயரையும் பிடுங்கணும். போன வருசம் பக்கத்துத் தெருவுல ஒருத்தர் பிளக்கப் பிடுங்கிட்டு நிம்மதியா தூங்குனாரு. கேபிள் வழியா வந்து டிவியக் கொண்டு போயிருச்சு.

எல்லாம் மாட்டி முடிச்சு, அய்யா பார்க்கிற பழைய படச் சேனலப் போட்டோம். சிவாஜி வந்தாரு. அய்யா முகம் சுருங்குச்சு. "இவருக்கு ஏன் மொகம் வீங்கியிருக்கு?" பழைய படம் சதுரமா எடுத்தது. அகலத் திரைக்கு இழுத்துவிட்டா எல்லாரும் குண்டாத் தெரிவாங்க. மகன் செட்டிங்ஸ்ல 4:3-ன்னு மாத்துனான், ரெண்டு பக்கமும் கருப்புப் பட்டை வந்துச்சு, சிவாஜி சிவாஜியா ஆயிட்டாரு. அடுத்து, "படம் சீரியல் மாதிரி வழுக்கிக்கிட்டு ஓடுது"ன்னாங்க. அதுக்கும் ஒரு செட்டிங்ஸ் இருக்கு. அசைவை வழவழப்பாக் காட்டுறதுக்காக டிவியே நடுவுல படத்தச் சேக்குமாம். அத அணைச்சோம். கடையில வைக்கிற பளபளப்பு வெளிச்சத்துல இருந்து சினிமா மோடுக்கு மாத்துனோம், கண்ணு கூசல. இப்ப எல்லாத்தையும் சரியாப் பார்த்துச் சொன்னது வீட்டுலயே வயசான ஆளு. இந்தத் தடவ அவங்க சொன்னது ஒவ்வொண்ணையும் மறுபேச்சு பேசாம கேட்டோம்.

கடைசியா மகன் யூடியூபுல கிளி படம் ஒண்ணு போட்டான். அய்யா ரொம்ப நேரம் பார்த்தாங்க. "பச்சைதான். நம்ம கொய்யா மரத்துல வந்து கொத்துமே, அதே பச்சை"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க.

ஒன்பதடியில, அவங்க கட்டில்ல, அவங்க இடத்துல இருந்து பார்க்குறாங்க. பிளாஸ்டிக் சேர் மறுபடியும் தாழ்வாரத்துக்குப் போயிருச்சு. பழைய 32 இஞ்சு, தோட்டத்துல காவலுக்கு இருக்குற அண்ணன் வீட்டுல ஓடுது. அங்க யாரும் மங்கலாத் தெரியுதுன்னு சொல்லல.

பஞ்சாயத்து டிவிய முப்பதடி தள்ளி வேப்பமரத்தடியில நின்னு பார்த்த மனுசன், மூணடியில சேரப் போட்டு உக்காந்தப்பவே எனக்குத் தோணியிருக்கணும். இலையில ஒரு புள்ளி மாறினா என்ன நோய்னு தேடுறோம், மாடு ஒரு வேளை தண்ணி குடிக்கலேன்னா டாக்டருக்குப் போன் போடுறோம். பெத்தவங்க ரெண்டு வருசம் சொன்னத நான் டிவியோட கோளாறுன்னே நெனச்சுக்கிட்டிருந்தேன்.

அதனால, உங்க வீட்டுல பெரியவங்க டிவி மங்கலா இருக்குன்னு சொன்னா கேபிள்காரரக் கூப்பிடறதுக்கு முந்தி, அவங்களுக்கு எதிர்ல காலண்டர மாட்டி ஒரு கண்ண மூடச் சொல்லித் தேதிய வாசிக்கச் சொல்லுங்க. அப்புறம் மறு கண்ணு. ஒரு நிமிச வேலை. அது சரியா இருந்தா டேப்ப எடுத்து தூரத்த அளந்துட்டு கடைக்குப் போங்க.

மும்முனைக் கரண்டு வந்துருச்சு. மோட்டாரப் போட அய்யா எனக்கு முந்தி செருப்பு மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறாங்க. போயிட்டு வர்றேன்.